தூண்டில்காரன் சட்டை

தலையில் தொப்பி, அதன்மேல் சட்டையோடு சேர்த்துத் தைத்த முக்காடு, மூக்குவரை ஏற்றிவிட்ட கழுத்துத் துணி, கண்ணில் கருப்புக் கண்ணாடி. கொமரலிங்கத்து ஆற்றங்கரையில் திருப்பூர்க் கம்பெனி டெய்லர் தவசியை இந்தக் கோலத்தில் நிறுத்திவிட்டு, மேலாளர் தனபால் பின்வாங்கி நின்று பார்த்தார்.

“பெத்தவங்களே வந்தாலும் அடையாளம் தெரியாதுங்க. வெள்ளைக்காரருக்கு எங்கீங்க தெரியப் போவுது?”

முதலாளி ராசப்பன் திரும்பிப் பார்த்தார். தென்னை மரத்தடியில் நின்ற காருக்குள் அவருடைய ஒரே வாரிசு அருண்குமார், வீங்கிய கணுக்காலைப் பிடித்துக்கொண்டு முனகிக்கொண்டிருந்தான். காலையில் ஒத்திகை பார்க்க ஆற்றில் இறங்கி, பாசிப் பாறையில் வழுக்கி விழுந்தவன்.

வருகிறவர், வெளிநாட்டில் தூண்டில் போடுகிறவர்களுக்குச் சட்டை விற்கும் வியாபாரி. தைக்கிற முதலாளியின் குடும்பத்து ஆளே அதைப் போட்டுக்கொண்டு தண்ணீரில் நிற்கும் படம் தன் விளம்பரத்துக்கு வேண்டும் என்றார். “எம்பையன் நிப்பான்” என்று ராசப்பன் வாக்குக் கொடுத்திருந்தார். அந்தக் குடும்பத்தில் வாக்கு என்றால் வாக்குதான்.

“உடுமலை தாண்டிட்டாராமுங்க. என்ன பண்றதுங்க?” என்றார் தனபால்.

“பொய் சொல்லி ஆர்டர் வாங்கற குடும்பமில்ல இது. எங்க தாத்தன் தறி ஓட்டுன காலத்துல இருந்து ஏவாரத்துல ஒரு பொய் சொன்னதில்ல. ஆர்டர் போனாப் போவுது. அந்தச் சட்டையக் கழட்டச் சொல்லு.”

சட்டையின் கை முனையில் கட்டைவிரலை நுழைத்துக்கொள்ள ஓர் ஓட்டை இருந்தது. புறங்கையில் வெயில் படாமல் இருக்கத் தூண்டில்காரர்கள் அப்படித்தான் கேட்கிறார்கள். தவசி விரலை அதிலிருந்து விடுவிக்கப் போனான்.

தனபாலுக்கு மனம் ஆறவில்லை. “எத்தனை பேருக்குப் போட்டுப் பாத்தேன் தெரியுங்களா? அருண் தம்பி அளவுக்குத் தெச்சது, எல்லாத்துக்கும் கை சுருண்டு சுருண்டு நின்னுது. உங்க ஊட்டு ஆளுகளுக்கு மட்டுந்தான் கை ரெண்டு அங்குலம் சேத்தி வெட்டோணும். இவனுக்குப் பாருங்க, அளவெடுத்துத் தெச்சாப்ல இருக்குது.”

“கை நீளம்னு வெளிய சொல்லிராதிய அண்ணாச்சி” என்றான் தவசி. “லைன் வீட்டுல ஆளுக்கொரு பூட்டு வாங்கிப் போட்டுருவாக.”

தனபால் வாய்விட்டுச் சிரித்தார். ராசப்பன் சிரிக்கவில்லை.

“எந்த ஊருப்பா நீ?”

“விளாத்திகுளம் பக்கம் மொதலாளி.”

“ஊட்ல யாரு இருக்கறாங்க?”

“அம்மா மட்டுந்தான். கருத்தம்மான்னு பேரு. நான் பொறக்கதுக்கு முன்னால அவளும் திருப்பூர்லதான் வேல பாத்தா.”

ராசப்பன் ஆற்றைப் பார்த்தார். தண்ணீர் வெயிலில் கண்ணைக் கூசவைத்தது.

“செரி. இவனே நிக்கட்டும்.”

ஆர்டரின் அருமை கடைசியில் முதலாளிக்கும் புரிந்துவிட்டது என்று தனபால் நினைத்துக்கொண்டார். “படம் மட்டும் நல்லா வரட்டும், உன்னைய சாம்பிள் செக்‌ஷன்ல போடறேன். மாசச் சம்பளம்!” என்று தவசியின் முதுகில் தட்டித் தண்ணீருக்கு அனுப்பினார்.

வெள்ளைக்காரர் வந்தார். இடுப்பளவு நீரில் தவசி அசையாமல் நின்றான். சட்டை வெளிர் நீலம். தண்ணீருக்குள்ளிருந்து பார்க்கிற மீனுக்கு ஆளும் வானமும் ஒன்றாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே அந்த நிறம். நுனியில் இறகு கட்டிய பொய்ப்பூச்சி ஆட, அவன் தூண்டில் கோலை வீச வீசக் கேமரா படம் எடுத்துத் தள்ளியது.

வெள்ளைக்காரர் ஏதோ கேட்டார். தனபால் தயங்கித் தயங்கித் தமிழில் சொன்னார். “உங்க பையனுங்களான்னு கேக்கறாருங்க.”

“ஆமா, எம்பையன்தான்னு சொல்லு.”

ராசப்பனின் குரல் பிசிறவில்லை. வெள்ளைக்காரர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஆர்டர் முடிவாயிற்று.

வெள்ளைக்காரரின் கார் போன பிறகு தவசி சொட்டச் சொட்டக் கரையேறினான். முகத்துணியை இறக்கிவிட்டு, ஒரு பரிசு கேட்கிறவன்போலத் தலையைச் சொறிந்தான்.

“மொதலாளி, ஒரே ஒரு படம் எங்கம்மாவுக்கு அனுப்பிக்கிடட்டுமா? எந்தக் கம்பெனில இருக்கேன்னே அவகிட்டச் சொன்னதில்ல. இதப் பாத்தான்னா சிரியா சிரிப்பா.”

“சட்டையக் கழட்டிக் குடுத்துட்டு வேன்ல போய் உக்காரு கண்ணு” என்றார் ராசப்பன்.

அவன் போகும்வரை பொறுத்திருந்தார். பிறகு தனபாலின் பக்கம் திரும்பினார்.

“இன்னைக்கே இவனை ஊருக்கு பஸ் ஏத்தி உட்டுரு. திருப்பூர்ல எந்தக் கம்பெனியிலயும் இவனைச் சேக்கக் கூடாது. நான் சொன்னேன்னு எல்லாத்துகிட்டயும் சொல்லி வெச்சுரு.”

தனபால் திகைத்துப் போனார். “ஏனுங்க, அவன் என்னுங்க தப்புப் பண்ணுனான்? சாம்பிள் செக்‌ஷன்ல போடறேன்னு இப்பத்தான் சொல்லி அனுப்புனேன். நம்ம மானத்தைக் காப்பாத்தறதுக்கு, இத்தனை பெரிய பொய்யில நமக்காக நின்னவனுங்க!”

பொய் என்ற சொல்லுக்கு ராசப்பனின் முகம் சிவந்தது. முதுகை இன்னும் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டார்.

“நான் எங்க பொய் சொன்னேன்? நின்னது எம்பையன்தான்.”