பூஜ்யம், உள்ள வா!

"பூஜ்யம், உள்ள வா!"

லொரெய்னின் குரல் கேட்டு, வாசலில் முதல் நாற்காலியில் இருந்த டெல்ஃபினா எழுந்தாள்.

கணினிக் கணிதத்தில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறவர்கள் எதையும் பூஜ்யத்திலிருந்துதான் எண்ணுவார்கள். வாசல் நாற்காலிகளில் 0, 1, 2, 3 என்று எண் ஒட்டி வைத்ததும் அவர்கள்தான். இருபத்தாறு வருடமாகத் துறை அலுவலகத்தைக் கட்டி மேய்க்கும் லொரெய்னுக்கும் அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டுவிட்டது.

டெல்ஃபினாவுக்கு இது ஏழாவது வருடம். ஆறு தகுதித் தேர்வு, ஆய்வுத் திட்டம், வாய்மொழித் தேர்வு, இரண்டு பருவம் இளையவர்களுக்குப் பாடம் எடுத்தது, ஆய்வேட்டில் மூன்று பேராசிரியர்களின் கையெழுத்து. எல்லாம் ஆயிற்று. லொரெய்ன் ஒரு முத்திரை குத்தினால் இந்த ஆகஸ்டிலேயே டாக்டர். சொந்த ஊரான சலினாஸில் அம்மா தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

லொரெய்ன் ஃபைலைப் புரட்டினார். நடுவில் ஏதோ ஒரு தாளைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். கடைசியில் டெல்ஃபினா கையால் எழுதிய பாடப் பட்டியலை எடுத்து மேஜைமேல் வைத்தார். மேல் பாதியில் உள்ளங்கையை ஊன்றிக்கொண்டு, சிவப்புப் பேனாவால் அடிவரியைத் தட்டினார்.

"கடைசி வரியில என்ன நம்பர் போட்டிருக்கே?"

"நாப்பத்தி நாலு."

"பட்டத்துக்கு எத்தனை பாடம் வேணும்?"

"நாப்பத்தஞ்சு."

"அப்ப ஒண்ணு குறையுது."

டெல்ஃபினாவுக்குத் தலை சுற்றியது. இரண்டு மாதமாகத் தூக்கம் சரியில்லை. தாளில் எழுத்துகள் நீந்தின. உட்கார்ந்து மறுபடி எண்ணத் தெம்பில்லை.

"ஒரே ஒரு பாடம்தானே லொரெய்ன். கண்டுக்காம விட்டுடக் கூடாதா?"

"விதியை நானா எழுதினேன்? இன்னும் ஒரு பருவத்துக்குப் பதிவு பண்ணிக்க. டிசம்பர்ல வா."

"ஏழு வருஷம் ஆச்சு! உங்களுக்கு மனசே கிடையாதா?"

"அது பட்டத்துக்கு வேண்டிய பட்டியல்ல இல்லையே" என்றபடி லொரெய்ன் ஃபைலை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார். "அடுத்து, ஒண்ணு! உள்ள வா!"

வெளியே மரத்தடியில் நண்பன் ஆரம் உட்கார்ந்து, பரீத்தோ என்கிற ரொட்டிச் சுருளைத் தின்றுகொண்டிருந்தான். அவளோடு ஒரே ஆய்வறையில் ஏழு வருடம் மாரடித்தவன். விஷயத்தைக் கேட்டதும் அவனுக்குப் புரையேறியது.

"கணக்குல டாக்டராம், நாப்பத்தஞ்சு வரைக்கும் எண்ணத் தெரியலையாம்!"

"போடா."

"அந்தம்மாவுக்கு ஃபாரம்தான் புருஷன், ஃபாரம்தான் பிள்ளை. நம்மளப் பத்தி என்ன கவலை?" என்றவன் அவள் கழுத்தைப் பார்த்தான். "இந்த வெயில்ல எதுக்கு ஸ்கார்ஃப்?"

"ஒரு கட்டி. உடனே எடுக்கணும்னாங்க. தேதி கூடக் குடுத்து லெட்டர் வந்துது, அதையும் எங்கயோ தொலைச்சுட்டேன்."

"தொலைச்சுட்டியா? அப்ப ஆபரேஷன்?"

"பட்டம் வாங்கிட்டா மாணவர் காப்பீடு போயிடும்டா. ஜனவரில வேலைக்குச் சேர்ந்துட்டு, அந்தக் காப்பீட்டுல பாத்துக்கலாம்னு இருந்தேன்."

"டாக்டர் என்ன சொன்னார்?"

"கத்தினார். முதல்ல இந்தப் படிப்பு ஒழியட்டும்னு நான்தான் போனை வச்சுட்டேன்."

ஆரம் பரீத்தோவைக் கீழே வைத்தான்.

"எப்படியும் டிசம்பர் வரைக்கும் இங்கதான் கிடக்கப் போறே, மாணவர் காப்பீடும் இருக்கும். எடுத்துத் தொலை."

வேறு வேலையும் இல்லாததால், அக்டோபரில் எடுத்துத் தொலைத்தாள்.

கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பிப் பார்த்த அறுவை மருத்துவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஜனவரி வரைக்கும் விட்டிருந்தா, நான் உன்கிட்ட வேற மாதிரி பேசிட்டு இருப்பேன்" என்றார்.

டிசம்பரில், பேருக்கு ஒரு பாடத்தையும் முடித்துக்கொண்டு, டெல்ஃபினா மறுபடி அந்த மேஜைமுன் நின்றாள். லொரெய்ன் முத்திரையைக் குத்தினார். ஃபைலை அவள் பக்கம் தள்ளினார்.

"உன் தாளெல்லாம் இருக்கான்னு பாத்துக்க. அப்புறம் அதக் காணோம் இதக் காணோம்னு வராதே."

டெல்ஃபினா திறந்தாள். மேலேயே அந்தப் பாடப் பட்டியல். அதன் பின்னால் ஊசி குத்தி வைத்திருந்தது, ஆகஸ்டில் அவள் தொலைத்த ஆஸ்பத்திரிக் கடிதம். மற்ற காகிதங்களோடு அதையும் சேர்த்து அவளேதான் இங்கே கொடுத்திருக்கிறாள். அதில் அறுவைத் தேதியைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம்.

அவள் பட்டியலைத் திருப்பிப் பார்த்தாள். லொரெய்னின் உள்ளங்கை ஊன்றியிருந்த இடத்தில், முதல் வரிக்கு அவள் கையெழுத்திலேயே போட்டிருந்த எண் 0.

பூஜ்யத்திலிருந்து நாற்பத்து நாலு. விரல் வைத்து எண்ணினாள். நாற்பத்தைந்து பாடம்.

பட்டியலை மேஜைமேல் வைத்தாள்.

"லொரெய்ன்... ஆகஸ்டுலயே சரியாத்தான் இருந்திருக்கு."

லொரெய்ன் அவள் கழுத்துத் தழும்பை ஒரு முறை பார்த்தார்.

"அப்படியா? நான் என்ன உங்களை மாதிரி கணக்கா படிச்சேன்? ஒண்ணுலேர்ந்துதான் எண்ணத் தெரியும்."

பிறகு வாசல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"பூஜ்யம், உள்ள வா!"