சரிவில் ஒரு பாய் வெயில்

பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது, இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒரு பாய் அகலத்துக்கு வெயில் இறங்குகிறது. தரைக்குக் கீழே இருக்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்திலிருந்து ஏறி வந்தவள், வண்டிகள் இறங்கும் சரிவில், மேலங்கியின் கைகளைச் சுருட்டிவிட்டு அதில் நிற்கிறாள். ஊரார் ரத்தத்தில் வைட்டமின் டி எவ்வளவு என்று எட்டு வருடமாக அளந்து சொல்கிறவள், இன்று தன்னுடையதை அளந்திருக்கிறாள். பதினொன்று. இருக்க வேண்டியதில் பாதிதான். குறைந்தால் அக்காவின் நோய் இவளுக்கும் வந்தே தீரும் என்றில்லை, ஆனால் கூடப் பிறந்தவருக்கு இருப்பதால் கவனம் வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். உடம்பு தன்னையே பகையாளியாக நினைத்து மூட்டுகளை அரிக்கும் நோய் அக்காவுக்கு. மூன்று நாளாகக் காலையில் இவள் விரல்களும் மடங்க மறுக்கின்றன.

“என்னம்மா, உங்களையே காயப் போட்டுட்டீங்களா?” என்கிறார் வாயிலில் இருக்கும் காவலாளி.

“கிளிப் மாட்டாததுதான் குறைண்ணே.”

அவர் சிரித்துக்கொண்டே நிழலுக்குள் போய்விடுகிறார். வெயில் ஓரடி நகர்கிறது, அவளும் நகர்கிறாள். கைப்பேசி அடிக்கிறது. அக்காவால் கைப்பேசியைப் பிடிக்க முடியாது. மேசைமேல் வைத்துப் பேசுவதால் குரல் அடுத்த அறையிலிருந்து வருவதுபோல் வருகிறது.

“சாப்பிட்டியாடி?”

“இனிமேதான்க்கா.”

வெயிலில் வலது கையை நீட்டி மெல்ல மூடுகிறாள். சுண்டுவிரல் மட்டும் வெளியே நிற்கிறது. வெயில் சுவரில் ஏறத் தொடங்குகிறது.

“எனக்கு வந்தது வந்துடுச்சு, விடு. உன் கை நல்லாத்தானே இருக்கு?”