புகை தங்கும் நேரம்

தகனக்கூடத்துப் புகையை மறுபடி எரித்துச் சுத்தம் செய்யும் அறையை வடிவமைத்தவள் மூத்தவள்தான். அறையின் கொள்ளளவை, விநாடிக்கு வரும் புகையின் அளவால் வகுத்தால் இரண்டு விநாடி. அதற்குமேல் புகை அங்கே தங்க வழியில்லை.

அன்று உலைக்குள் போனது அவளுடைய அம்மா. கடைசிவரை அம்மா கேட்டது இளையவளைத்தான். அவள் வந்துசேரும்வரை வைத்திருக்க முடியாமல், மூத்தவளே மனதைக் கல்லாக்கிக்கொண்டு, "ஆரம்பிச்சிடுங்க" என்றாள்.

சற்று நேரத்தில் உலை இயக்குபவர் வந்து கூப்பிட்டார்.

"மேடம், புகை உள்ள போகுது. வெளிய வரவே மாட்டேங்குது."

அவள் போய்ப் பார்த்தாள். புகையை இழுக்கும் விசிறி ஓடியது. குழாயில் அடைப்பில்லை. அழுத்தம் இம்மியும் ஏறவில்லை. புகைபோக்கியின் அளவுமானி மட்டும் பூஜ்யத்தில் நின்றது. கணக்கை மறுபடி போட்டாள். அதே இரண்டு விநாடி. இவ்வளவு புகையும் அந்தச் சின்ன அறைக்குள் எங்கே இருக்கிறது என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

மாலையில் இளையவள் காரிலிருந்து இறங்கினாள். அளவுமானியின் முள் அசைந்தது. புகைபோக்கியிலிருந்து மெல்லிய புகை எழுந்தது.

இளையவள் அண்ணாந்து பார்த்தாள். "இப்பதான் ஆரம்பிச்சீங்களாக்கா?"

இயக்குபவர்தான் பதில் சொன்னார்.

"ஆமாம்மா. உங்களுக்காகத்தான்."

உள்ளே உலை எப்போதோ அணைந்து, சாம்பல் ஆறிப்போயிருந்தது.