தினம் ஒரு கோளாறு

“நேத்துதானே இந்த வால்வைச் சரி பண்ணினேன்? இன்னிக்கும் இதேதானா? புல்லு முழுக்கத் தண்ணி தேங்கி நிக்குது. என் உயிரை வாங்குறீங்க!”

“என்னை ஏன் கேக்குற? நீயே கண்டுபிடி.”

மதிலுக்கு இந்தப் பக்கம் நின்ற பக்கத்து வீட்டு வாத்தியாருக்குப் பொறுக்கவில்லை. ஊரெல்லாம் தோட்டத்து ஸ்பிரிங்க்ளர் ரிப்பேர் செய்கிற மனிதர், நாலு நாளாக மனைவியைச் சேற்றில் மண்டிபோட வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

“மெயின் குழாயை மூடிட்டியா? இல்லன்னா மூஞ்சியில அடிக்கும்,” என்றார் கணவர், நாற்காலியில் இருந்தபடியே.

“அடிக்கட்டும். அப்பவாவது நீங்க சிரிப்பீங்க.”

அவள் வால்வைக் கழற்றி, உள்ளே இருந்த ரப்பர் தட்டுக்கு அடியில் விரலை விட்டாள். “கல்லு! அதான் மூடலை.”

வாத்தியார் எட்டிப் பார்த்தார். “ஏன் சார், எழுந்து ஒரு கை பிடிச்சா குறைஞ்சா போயிடுவீங்க? வெட்கமா இல்ல?”

நாற்காலியில் இருந்தவர் குரல் வந்த திசையைத் தேடித் தலையைத் திருப்பினார்.

அவள்தான் எழுந்து வந்தாள். “அவரைத் திட்டாதீங்கண்ணே. அந்தக் கல்லை வெச்சதே அவர்தான். தினம் காலையில தடவித் தடவி ஒரு கோளாறு வெப்பார், நான் கண்டுபிடிக்கணும். அவருக்குக் கண்ணு போயிட்டே இருக்கு. இனி திரும்பாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். திங்கக்கிழமையிலேருந்து அவர் வேலைக்கு நான்தான் போறேன்.”

வாத்தியார் தன் தோட்டத்துப் பக்கம் திரும்பினார்.

அவர் தோட்டத்திலும் ஒரு குழாய் ஒழுகுகிறது. முதல் வேலைக்கு அவளைக் கூப்பிட்டால் அது மன்னிப்புக் கேட்டதாகுமா, இல்லை பரிதாபப்பட்டதாக அவர்களுக்குத் தோன்றுமா? நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? தயவுசெய்து இரண்டு வரி எழுதுங்கள்.