நாற்பத்தொரு மூச்சுக் குறிகள்

என் மகள் ஆல்டோ சாக்ஸபோன் வாசிக்கிறாள் என்றதும் “பேண்டு செட்லயா?” என்று கேட்டானே என் தம்பி, அவன் இன்று அரங்கத்துக்கு வந்திருக்க வேண்டும். ஒரு கன்செர்ட்டோ, ஒரு சொனாட்டா, முக்கால் மணி நேரம். முடிந்ததும் மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று கைதட்டியது. எனக்குத்தான் கண் கலங்கி எழ முடியவில்லை.

மூச்சு எடுக்க வேண்டிய இடங்களை அவள் நோட்டில் பென்சிலால் குறித்துவைப்பாள். சொனாட்டாவில் மட்டும் நாற்பத்தொன்று. கூடப் பியானோ வாசிக்கும் என் மருமகள் அந்த மூச்சுச் சத்தத்தைக் கேட்டுத்தான் கை வைப்பாள்.

“இன்னைக்கு அவ ஒரு இடத்துலகூட மூச்சு எடுக்கல மாமா,” என்றாள் மேடைக்குப் பின்னால்.

“பயிற்சின்னா சும்மாவா?” என்றேன்.

வாத்தியத்தைத் துடைப்பது எப்போதும் என் வேலை. உள்ளே துணியை விட்டு இழுத்தால், மூச்சின் ஈரத்தில் நனைந்து வரும். இன்று இஸ்திரி போட்டதுபோல மொடமொடவென்று வந்தது. மடித்துப் பெட்டியில் வைத்தேன்.

திரும்பும்போது மழை. என் பக்கக் கண்ணாடியிலும் மருமகள் பக்கத்திலும் ஆவி படிந்துகொண்டே இருந்தது. துடைத்துத் துடைத்துக் காரை ஓட்டினேன்.

“எப்படிப்பா வாசிச்சேன்?” என்றாள் மகள், பின்சீட்டிலிருந்து.

“உன்னை அடிச்சுக்க ஆளே இல்லம்மா.”

“இனிமே எவ்வளவு நீளமா வேணும்னாலும் வாசிக்கலாம்பா.”

பெருமையோடு திரும்பிப் பார்த்தேன். ஜன்னலோடு முகத்தை ஒட்டிவைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் உதட்டருகே, கண்ணாடிக்கு வெளியே, ஒவ்வொரு மழைத்துளியும் பளிச்சென்று தெரிந்தது.