ஹெட்போனில் கேட்ட குரல்

நடிகை டெல்மா ராய்க்ராஃப்டுக்கு ஒரு மகள் இருந்தது ஹாலிவுட்டில் ஸ்டூடியோ முதலாளிகளையும் அவளுக்கு மேக்கப் போடும் என்னையும் தவிர யாருக்கும் தெரியாது. பெயர் கெடுமென்று ஸ்டூடியோ மிரட்டியதால், குழந்தையைத் தூரத்து விடுதியில் விட்டிருந்தாள். குளிர்காலத்தில் அது நிமோனியாவில் இறந்தது. படப்பிடிப்பை விட்டுவிட்டு அடக்கத்துக்குக்கூட அவளால் போக முடியவில்லை.

வசந்தத்தில் ஒரு காதல் காட்சி எடுத்தோம். ஒலிப்பதிவாளர் நிறுத்தச் சொன்னார்.

"ஏதோ குழந்தை 'அம்மா, அம்மா'ங்குது. வெளிய கூட்டிட்டுப் போங்கப்பா."

தளத்தில் குழந்தை எதுவும் இல்லை. திரும்ப எடுத்தபோதும் அவருக்கு மட்டும் கேட்டது.

டெல்மா அவருடைய ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டாள். வெகுநேரம் கழற்றவில்லை.

"அவதானா மேடம்?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"அவதான். ஆனா என்னைக் கூப்பிடல. வேற யாரையோ அம்மாங்குறா. சிரிச்சுக்கிட்டே கூப்பிடுறா."

அவளுடைய கலைந்த கண்மையைச் சரிசெய்தேன். அவள் போய்க் கேமரா முன்னால் நின்றாள்.