பொட்டு வைத்த அச்சு

வெஸ்ட்லியில் உள்ள மாடிவீட்டின் பல்கனியில் பனிவெளிச்சம் கண்ணைக் கூசுகிறது. ஈயத்தை உருக்கி ஊற்றித் துப்பாக்கிக்குண்டு வார்க்கிற அச்சுகள் இரண்டு, துப்பாக்கி சுடும் கழகம் வார்த்துப் பார்க்கத் தந்தவை, மேசையில் இருக்கின்றன. ஒன்றைத்தான் வாங்கலாம், அடுத்த கிழமை போட்டி. மினுங்குகிற புது அச்சின் மரப்பிடியில் குலசேகரம் இதுதான் என்று காலையிலேயே சந்தனப்பொட்டு வைத்துவிட்டார். குண்டு ரிவால்வர் உருளையின் துளையில் தானாக விழாமல் நின்று, மெல்ல அழுத்தினால் மட்டும் இறங்கவேண்டும்; அப்போதுதான் குறி தப்பாது. அந்த அச்சில் வார்த்து ஆறின ஈயக்குண்டை அவர் மனைவி துசாந்தினி தன் ரிவால்வரின் வெற்றுச் சுழல் உருளையின் துளைக்குள் விடுகிறாள். துளை வழியே டொக்கென்று கீழே விழுகிறது. கறுத்துப்போன பழைய அச்சின் குண்டை விடுகிறாள். நிற்கிறது. பெருவிரலால் மெல்ல அழுத்த, வழுக்கி இறங்குகிறது. "இஞ்சாருங்கோ, இதுதான்! இதுதான்!" அவள் துள்ளுகிற துள்ளலில் மேசை ஆடுகிறது. "ஓம், எனக்கும் கண் தெரியுது" என்கிற குலசேகரம், புது அச்சின் பொட்டை நகத்தால் சுரண்டியெடுத்துப் பழையதின் பிடியில் அப்புகிறார்.